ஐஸில் வைத்ததால்தான் விரல் போனதா?

கேள்வி: ஐயா, நாங்கள் திருகோணமலை திருக்கடலூர் ஆட்கள். என் கணவர் கடல் தொழில். மூன்று கிழமைக்கு முன் விடியப்புறம் வலை வளைக்கும்போது கயிறு வலது கைச் சுட்டுவிரலில் சுற்றிவிட்டது. போட் இழுத்த இழுவையில் அடிமூட்டுக்குக் கொஞ்சம் மேலே விரல் கழன்று வந்துவிட்டது. விரலோடு ஒரு சாண் நீளத்துக்கு வெள்ளை நார் மாதிரி ஒன்றும் சேர்ந்து வந்ததாம். கூடப் போன என் மகனுக்கு வயது 16. அவன் சாரத்தைக் கிழித்துத் தகப்பனின் கையைக் கட்டி, விரலை எடுத்து மீன் போடும் றெஜிபோம் பெட்டியில் ஐஸுக்குள் வைத்துக் கொண்டுவந்தான். இரண்டு மணித்தியாலத்துக்குள் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டோம். டொக்டர் பார்த்துவிட்டு, ஒட்ட ஏலாது என்று சொல்லித் தைத்து மூடிவிட்டார். நேரே ஐஸில் வைத்தது பிழை என்று அங்கே யாரோ சொன்னது மகனின் காதில் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து அவன் சரியாகச் சாப்பிடுவதில்லை, தகப்பனின் முகத்தைப் பார்ப்பதில்லை. கொழும்புக்குக் கொண்டு போயிருந்தால் ஒட்டியிருப்பார்கள், இந்தியாவில் கையையே ஒட்டுகிறார்கள் என்கிறார் என் அண்ணன். நகையை ஈடுவைத்து இந்தியாவுக்குப் போகட்டுமா? இல்லாத விரல் இரவில் கடிக்கிறது என்று இவர் எழும்பி உட்காருகிறார். மூளையில் ஏதும் பிரச்சினையா? எப்போது தொழிலுக்குப் போகலாம்?

பதில்: சகோதரி, மகனின் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். விரல் ஐஸால் போகவில்லை. கயிறு இறுகி இழுத்த அந்தக் கணத்திலேயே போய்விட்டது. உங்கள் ஆறுதலுக்காக நான் இதைச் சொல்லவில்லை. நீங்கள் எழுதிய அந்த வெள்ளை நாரே அதற்குச் சாட்சி.

அந்த நார் விரலை மடக்கும் தசைநாண். விரலுக்குள் தசை கிடையாது. விரலை மடக்கும் தசைகள் முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில், முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து நீளமான நாண்கள் உள்ளங்கை வழியாக விரலுக்கு ஓடுகின்றன. கத்தியோ வாளோ வெட்டினால் நாணும் வெட்டுவாயிலேயே அறும். ஒரு சாண் நீளம் விரலோடு வந்திருக்கிறது என்றால், நாண் முன்கையில் தசையிலிருந்தே பிய்ந்து உருவப்பட்டிருக்கிறது. தசைநாணையே உருவி எடுத்த விசை, விரலின் இரு பக்கமும் இரத்தம் கொண்டு ஓடும் நாடிகளையும் நரம்புகளையும் என்ன பாடுபடுத்தியிருக்கும் என்று யோசியுங்கள்.

இழுபட்ட நாடி வெளியே பார்வைக்கு முழுசாகவே இருக்கும். பழைய சைக்கிள் வால்வ் டியூப்பை இழுத்துவிட்டால், காற்றடிக்கும்போதுதானே எத்தனை இடத்தில் வெடித்திருக்கிறது என்று தெரியும்? நாடியும் அப்படித்தான். உட்சுவர் அங்கங்கே கிழிந்திருக்கும். அதைத் தைத்து இரத்தத்தை விட்டால், கிழிந்த இடங்களிலெல்லாம் இரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளும். விரலைக் கையில் எடுத்ததும் நாங்கள் முதலில் தேடுவது இதைத்தான். விரலின் இரு பக்கமும் நீளவாக்கில் சிவப்புக் கோடு ஓடினால், உள்ளே நாடி நெடுகிலும் கிழிந்து கசிந்திருக்கிறது என்று அர்த்தம். நுணுக்குக்காட்டியில் நாடி முறுக்கிச் சுருண்டு ரிபன் மாதிரித் தெரிந்தாலும் அதே கதை. உங்கள் டொக்டர் விரலைப் பார்த்துவிட்டுச் சொன்னார் என்று எழுதியிருக்கிறீர்கள். பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டுத்தான் சொல்லியிருக்கிறார் என்று நினைக்கிறேன்.

ஐஸ் சரியா, பிழையா? குளிரவைத்தது சரி. விரல் நேரே ஐஸில் பட்டது பிழை. அதிலும் மீன் பெட்டி ஐஸில் கடல் தண்ணீர் கலந்திருக்கும். உப்புச் சேர்ந்த ஐஸ் பூச்சியப் பாகைக்கும் கீழே இறங்கும். அப்போது சதைக்குள் இருக்கும் நீர் உறைந்து கலங்களை உடைத்துவிடும். வாளால் சுத்தமாக வெட்டுப்பட்ட விரலாக இருந்திருந்தால் இந்தப் பிழை பெரிய பிழையாகியிருக்கலாம். இங்கே அது எதையும் மாற்றவில்லை. நடுக்கடலில் தகப்பனின் கையிலிருந்து இரத்தம் ஓடும்போது 16 வயதுப் பிள்ளை காயத்தைக் கட்டி, விரலைத் தேடி எடுத்து, குளிரிலும் வைத்துக் கரை சேர்த்திருக்கிறான். வளர்ந்த ஆம்பிளைகள் பலர் விரலை வேலைத்தலத்திலேயே விட்டுவிட்டு ஓடிவருவார்கள். பிறகு ஆள் அனுப்பித் தேடுவோம். இந்தப் பந்தியையாவது அவனுக்கு வாசித்துக் காட்டுங்கள். முடிந்தால் தகப்பனே வாசிக்கட்டும்.

அடுத்தது உங்கள் அண்ணன் சொன்னது. அவர் சொல்வது பொய்யில்லை. கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனை இந்த வேலையில் உலகளவில் பெயர்பெற்ற இடம். கொழும்பு தேசிய வைத்தியசாலையிலும் பிளாஸ்டிக் சத்திரசிகிச்சைப் பிரிவு இருக்கிறது. கை ஒட்டுவதும் புதிய வித்தையல்ல. பொஸ்டன் நகரின் மசாசுசெட்ஸ் பொது வைத்தியசாலையில் 1962 மே 23இல் ரொனால்ட் மால்ட்டின் குழு 12 வயதுப் பையன் ஒருவனின் கையை ஒட்டியது. ரயிலில் தொற்றப்போய்த் தோளுக்குச் சற்றுக் கீழே கையை இழந்தவன் அவன். நரம்புகளைச் சில மாதம் கழித்துத்தான் தைத்தார்கள். அடுத்த வருடம் ஷாங்காயில் சென் சொங்வெய் ஒரு தொழிலாளியின் துண்டான கையை ஒட்டினார். முற்றாகத் துண்டான விரலுக்கு 1965 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. யப்பானின் நாரா மாகாணத்தில் கொமட்சு, தமாய் இருவரும் ஒரு பெருவிரலை ஒட்டியதுதான் முதல் வெற்றி.

முழுக் கை முந்தி, ஒற்றை விரல் பிந்தியா என்று கேட்பீர்கள். குழாயின் பருமன்தான் காரணம். மேற்கையின் நாடி நாலைந்து மில்லிமீற்றர் இருக்கும். அதை வெறுங்கண்ணாலேயே தைக்கலாம். விரல் நாடி ஒரு மில்லிமீற்றர், நுனியை அண்டினால் அதிலும் குறைவு. அதைத் தைக்கும் நைலோன் நூல் தலைமயிரின் பருமனில் பாதிகூட இல்லை. நுணுக்குக்காட்டி தியேட்டருக்குள் வந்த பிறகுதான் விரலுக்கு விடிவு வந்தது. இன்றைக்கும் ஒரு விரலுக்குப் பல மணித்தியாலம் எடுக்கும். எலும்பைச் சில மில்லிமீற்றர் குறைத்துக் கம்பி குத்தி நிறுத்த வேண்டும். நீட்டும் நாண், மடக்கும் நாண், நாடி, நரம்பு, இரத்தத்தைத் திருப்பிக் கொண்டுபோகும் நாளம், தோல் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பொருத்த வேண்டும். இரத்தம் உள்ளே போனால் மட்டும் போதாது, வெளியே வரவும் வேண்டும். நாளம் அடைத்தால் விரல் நீலம் பாரிக்கும். அப்போது மருத்துவ அட்டையை விரலில் விட்டு இரத்தம் குடிக்கவைப்பதும் உண்டு. கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் பல விரல்களை அது காப்பாற்றியிருக்கிறது.

ஒட்டிய செய்தி மறுநாள் பத்திரிகையில் படத்தோடு வரும். ஒரு வருடம் கழித்து அந்த ஆள் சேர்ட் பொத்தானைப் போடுகிறாரா, தூண்டில் நரம்பில் முடிச்சுப் போடுகிறாரா என்று பார்க்க எந்த நிருபரும் வருவதில்லை. எங்களுக்கு அந்த ஒரு வருடக் கணக்குத்தான் முக்கியம். விரல் சிவந்து உயிரோடு இருப்பது பாதி வேலை. அது மடங்க வேண்டும், உணர வேண்டும், மற்ற விரல்களுக்கு இடைஞ்சலாக நிற்கக் கூடாது.

சுட்டுவிரலில் இந்தக் கணக்கு இன்னும் கடுமை. அடிமூட்டுக்கும் நடுமூட்டுக்கும் இடையில் மடக்கும் நாண்கள் இரண்டும் ஒரே ஒடுங்கிய உறைக்குள் ஓடுகின்றன. அங்கே வெட்டுப்பட்டு ஒட்டினால் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி இறுகிவிடும். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் அர்பனியாக் குழுவினர் ஒற்றை விரல் ஒட்டியவர்களை ஆராய்ந்து 1985இல் வெளியிட்டார்கள். இந்தப் பகுதியில் ஒட்டிய விரல்களின் நடுமூட்டு சராசரியாக 35 பாகைதான் மடங்கியது. நடு எலும்பில் நாண் பிடிக்கும் இடத்துக்கு அப்பால் வெட்டுப்பட்டவற்றில் அது 82 பாகை. 35 பாகை மடங்கும் சுட்டுவிரல் கயிற்றைப் பிடிக்காது, நீட்டிக்கொண்டு நிற்கும், எதிலும் போய் இடிக்கும். மூளையும் அதைத் தள்ளிவைத்துவிட்டு நடுவிரலோடு வேலையைத் தொடங்கிவிடும். அப்படி மாதக்கணக்கில் சிகிச்சை எடுத்துவிட்டு, இதை எடுத்துவிடுங்கள் டொக்டர் என்று திரும்பி வருபவர்கள் உண்டு. அதனால் உருவுப்பட்ட ஒற்றைச் சுட்டுவிரலை ஒட்டாமல் மூடும் முடிவைக் கொழும்பிலும் எடுத்திருக்கலாம், கோயம்புத்தூரிலும் எடுத்திருக்கலாம். நானாக இருந்தாலும் பெரும்பாலும் அதையே செய்திருப்பேன்.

பெருவிரலாக இருந்திருந்தால் கதை வேறு. கையின் வேலையில் ஏறக்குறைய பாதி பெருவிரலுடையது. உருவுப்பட்டிருந்தாலும் காலிலிருந்து ஒரு துண்டு நாளத்தை எடுத்து இடையில் வைத்துத் தைத்துப் பார்ப்போம். ஒரே நேரத்தில் பல விரல்கள் போனால், உள்ளங்கையோடு அல்லது மணிக்கட்டோடு போனால், சிறு பிள்ளைக்கு எந்த விரல் போனாலும், ஒட்ட முயல்வதுதான் வழக்கம். பிள்ளைகளின் நரம்பு நன்றாக வளரும். சில்லுக்குள் நசிந்தது, இரண்டு மூன்று இடத்தில் துண்டானது, ஆளுக்கே வேறு பெரிய காயம் இருப்பது, இவற்றில் முதலில் உயிரைத்தான் பார்ப்போம்.

திருக்கடலூர், கிண்ணியா, மூதூர், குச்சவெளி என்று கயிறும் மெசினுமாகப் பிழைக்கும் ஊர்க்காரர் பலர் இதை வாசிக்கக்கூடும். அதனால் விரலைக் கொண்டுபோகும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். இரத்தம் வரும் இடத்தில் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்துக் கையை உயர்த்துங்கள். முற்றாக அறுந்த நாடி தானாகவே சுருங்கிக்கொள்ளும், அநேகமாக அழுத்தமே போதும். உயிருக்கு ஆபத்தான இரத்தப்போக்கு என்றால் மட்டும் மேலே இறுக்கிக் கட்டி, கட்டிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கோப்பித்தூள், மஞ்சள், மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம். விரலில் மண் இருந்தால் சேலைனாலோ நல்ல தண்ணீராலோ மெதுவாக அலசுங்கள், தேய்க்காதீர்கள். ஈரம் பிழிந்த சுத்தமான துணியில் சுற்றிப் பொலித்தீன் பையில் போட்டு வாயைக் கட்டுங்கள். அந்தப் பையை ஐஸும் தண்ணீரும் கலந்த இன்னொரு பைக்குள் வையுங்கள். விரல் ஐஸையும் தொடக் கூடாது, தண்ணீரில் ஊறவும் கூடாது. மீன் பெட்டி தாராளமாக உதவும், இடையில் அந்தப் பொலித்தீன் இருந்தால் சரி. தோலில் தொங்கிக்கொண்டிருக்கும் விரலை ஒருபோதும் வெட்டி எடுக்காதீர்கள். அந்தத் தோலுக்குள் ஒரு நாளம் உயிரோடு இருக்கலாம். அப்படியே ஒரு மட்டையோடு சேர்த்துக் கட்டுங்கள். காயப்பட்டவருக்குத் தேத்தண்ணிகூடக் கொடுக்க வேண்டாம், மயக்கமருந்து கொடுக்கவேண்டி வரலாம். சிகரட், பீடி அறவே கூடாது. பக்கத்தில் நின்று ஊதுபவரையும் துரத்துங்கள், புகையிலை நாடியைச் சுருக்கும்.

விரலுக்குள் தசை இல்லாதது இங்கே அதிர்ஷ்டம். குளிரவைக்காமலே சுமார் 12 மணித்தியாலம் தாங்கும், முறையாகக் குளிரவைத்தால் 24 வரை. திருகோணமலையிலிருந்து கொழும்பு ஏறக்குறைய 260 கிலோமீற்றர். கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் தாண்டிப் போய்ச் சேர ஆறு மணித்தியாலம் ஆனாலும் விரலுக்கு நேரம் இருக்கிறது. மணிக்கட்டுக்கு மேலே துண்டான கைக்கு அந்தச் சலுகை இல்லை. அதில் தசை நிறைய. குளிரவைக்காவிட்டால் ஆறு மணித்தியாலத்தில் தசை சாகத் தொடங்கும், குளிரவைத்தாலும் 12க்கு மேல் நம்ப முடியாது. செத்த தசைக்குள் இரத்தத்தைத் திறந்துவிட்டால் அங்கிருந்து கழுவி வரும் பொற்றாசியமும் கழிவும் இதயத்தையும் சிறுநீரகத்தையும் தாக்கும். கையை ஒட்டி ஆளை இழக்கும் நிலை அது. ஆகவே நீங்களாக வான் பிடித்துக்கொண்டு கொழும்புக்கு ஓட வேண்டாம். 1990க்கு எடுங்கள், அந்த அம்புலன்ஸ் இலவசம். முதலில் கிட்டிய பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அங்கே இரத்தத்தை நிறுத்தி, ஏற்பு ஊசியும் அன்ரிபயோட்டிக்கும் போட்டு, எக்ஸ்ரே எடுத்து, அனுப்பும் இடத்தோடு போனில் கதைத்து அனுப்புவார்கள். படத்தை வட்ஸ்அப்பில் பார்த்தே, அனுப்புங்கள் அல்லது அங்கேயே மூடுங்கள் என்று சொல்ல முடிகிற காலம் இது.

இனி உங்கள் நகை. அது பெட்டியிலேயே இருக்கட்டும். மூன்று கிழமைக்குப் பிறகு ஒட்ட அந்த விரல் இல்லை. இன்னொருவரின் கையைப் பொருத்துவதும் நடக்கிறதுதான். கொச்சி அமிர்தா மருத்துவமனையில் 2015இல் இரு கையும் இழந்த ஒருவருக்கு, மூளைச்சாவடைந்தவரின் கைகளைப் பொருத்தினார்கள். ஆனால் உடம்பு அந்தக் கையைத் தள்ளிவிடாமல் இருக்க வாழ்நாள் முழுவதும் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து குடிக்க வேண்டும். பிரான்சின் லியோன் நகரில் 1998இல் இப்படிக் கை பொருத்திக்கொண்டவர் மருந்தை ஒழுங்காக எடுக்காமல், 2001இல் தானே கேட்டு அதை அகற்றிக்கொண்டார். ஒரு சுட்டுவிரலுக்காக எந்த நல்ல டொக்டரும் அந்த மருந்தைத் தொடங்க மாட்டார். கால்விரலை எடுத்துக் கையில் வைப்பதும் உண்டு, அது பெரும்பாலும் பெருவிரல் இல்லாதவர்களுக்கு. சிலிக்கன் விரல் பார்வைக்கு அழகு, கலியாண வீட்டுக்குப் போட்டுக்கொண்டு போகலாம். கயிறு இழுக்க உதவாது.

இல்லாத விரல் கடிப்பது பைத்தியமில்லை. விரல் போனாலும் மூளையில் அதற்கென்று இருக்கும் இடம் போகவில்லை, அறுந்த நரம்பின் நுனியும் சும்மா இருப்பதில்லை. பலருக்கு இது காலப்போக்கில் தணியும். காயம் நன்றாக ஆறி, டொக்டர் சரி சொன்னதும், மிச்சமிருக்கும் விரலடியைத் தொட்டுப் பழக்க வேண்டும். முதலில் பஞ்சு, பிறகு துவாய், பிறகு ஒரு சட்டியில் அரிசியைப் போட்டு அதற்குள் கையை விட்டு அளைவது. ஒரு நாளில் பல தடவை, ஒவ்வொரு தடவையும் சில நிமிடம். மகனைப் பக்கத்தில் இருத்தி இதைச் செய்யச் சொல்லுங்கள். இரவில் கடிக்கும்போது, இடது கையைக் கண்ணாடிக்கு முன் வைத்து, கண்ணாடியில் தெரியும் சுட்டுவிரலைப் பார்த்துக்கொண்டே இடது விரலைச் சொறிந்தால் சிலருக்குச் சுகம் தெரியும். பார்ப்பவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். அப்படியும் தூக்கம் கெட்டால் கிளினிக்கில் சொல்லுங்கள், நரம்பு வலிக்கென்று மாத்திரைகள் இருக்கின்றன.

தொழில்? தோல் கடினப்பட்டு, கயிற்றை இறுக்கிப் பிடிக்க வலி இல்லாமல் ஆனதும் போகலாம். பலருக்கு இரண்டு மாதம் அளவில் முடியும். ஒட்டியிருந்தால் அது அரை வருடத்துக்கு மேல் போயிருக்கும். அதுவரை மற்ற மூன்று விரல்களையும் பெருவிரலையும் ஒரு நாளுக்குப் பல தடவை முழுசாக மடக்கி நீட்டச் சொல்லுங்கள். வலிக்குப் பயந்து கையைத் துணியில் தொங்கவிட்டுத் திரிந்து, நல்ல விரல்களையும் விறைக்கவைத்துக்கொண்டு வருபவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். விடியப்புறக் குளிரிலும் ஐஸ் அள்ளும்போதும் விரலடி கடுக்கும், விறைக்கும். முதல் வருடம் அது மோசமாக இருக்கும், கையுறை போடட்டும். இனிமேல் கயிற்றைக் கையில் சுற்றிப் பிடிக்கவே கூடாது. கடலுக்குப் போகும்போது மோதிரமும் வேண்டாம். மோதிரம் கொளுவித் தோலோடு உரிந்த விரல்களை ஒட்டுவதும் உங்கள் கணவருடையதைப் போலவே கடினம்.

விரலடியில் ஒரு புள்ளியைத் தொட்டால் மின்சாரம் அடித்த மாதிரி இழுத்து, அது மாதக்கணக்கில் குறையாவிட்டால், அறுந்த நரம்பு நுனி முடிச்சாகியிருக்கலாம். அதைச் சின்னச் சத்திரசிகிச்சையால் சரிசெய்யலாம். மிச்ச விரலடி எதற்கும் உதவாமல் குறுக்கே நின்றால், உள்ளங்கை எலும்போடு எடுத்து நாலு விரல் கையாகச் சீர்ப்படுத்தவும் முடியும். இரண்டையும் இப்போதே யோசிக்க வேண்டாம், ஆறு மாதம் தொழிலுக்குப் போய்ப் பார்த்த பிறகு முடிவெடுங்கள். ஆனால் விரலடி சிவந்து வீங்கினால், சீழ் வந்தால், சிவப்பு உள்ளங்கைக்கு ஏறினால், காய்ச்சல் அடித்தால், கிளினிக் திகதியைப் பார்த்துக்கொண்டிருக்காமல் அன்றைக்கே போங்கள்.